லேபிளைச் சுரண்டியவர்கள்

அன்புள்ள அண்ணா,

போன வருடம் பழைய டர்ன்டேபிள் ஒன்று வாங்கினேன். பாப் மார்லியின் 'லெஜண்ட்'டில் ஆரம்பித்து இப்போது ஜமைக்காவின் ரெகே இசையில் பதினோரு எல்பி இசைத்தட்டுகள் சேர்ந்திருக்கின்றன. மாதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் சம்பளம் தாங்காது. சென்ற மாதம் ஜான் ஹோல்ட்டின் '1000 வோல்ட்ஸ் ஆஃப் ஹோல்ட்' வாங்கினேன். போட்டுக் கேட்டால், ஏற்கெனவே வேறு யாரோ பாடிக் கேட்ட பாட்டாகவே வருகிறது. அலுவலக நண்பர் ஒருவர், "ரெகேயே அப்படித்தான். பாதி, அமெரிக்கக் கருப்பர்களின் சோல் பாட்டுகளின் காப்பி. இதற்கா இவ்வளவு செலவு செய்கிறாய்?" என்று சிரித்தார். அன்றிலிருந்து அந்த அலமாரிப் பக்கம் போகவே ஒரு மாதிரி இருக்கிறது. அவர் சொல்வது சரியா? சரியென்றால் எதைத்தான் சேகரிப்பது? ஜமைக்காவில் அச்சான முதல் பிரதிகளைத் தேடித்தான் ஆக வேண்டுமா?

அன்புடன்,
க., கோவை

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் தந்த தகவல் சரி. 'காப்பி' என்ற சொல்தான் இடிக்கிறது. ஜான் ஹோல்ட் ஆல்பத்தில் இருப்பவை அநேகமாக எல்லாமே பிறர் பாட்டுகள்தான், அதில் ஒளிவுமறைவே கிடையாது. சொல்லப்போனால் இந்த இசையே மற்றவர்களின் இசைத்தட்டுகளிலிருந்து பிறந்ததுதான்.

1950-களில் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் இசைக்குழுவை அமர்த்தப் பணமில்லாத மக்களுக்கு சவுண்ட் சிஸ்டம்தான் கச்சேரி. நம் ஊர்க் கல்யாணத்துக்கு ரேடியோ செட் கட்டுவது போல, ஆனால் அலமாரி உயரப் பெட்டிகளோடு. ஓடியது அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ். கோக்ஸன் டாட் என்று அறியப்பட்ட கிளெமென்ட் டாட், ஃப்ளோரிடாவுக்குக் கரும்பு வெட்டப் போன இடத்தில் தட்டுகள் வாங்கி வந்தவர். அவருக்குப் போட்டி டியூக் ரீட், முன்னாள் போலீஸ்காரர். யாரிடம் யாருக்கும் தெரியாத பாட்டு இருக்கிறதோ அவரிடம் கூட்டம் போகும். அதனால் தட்டு கைக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை, லேபிளைச் சுரண்டி எடுப்பது. பாட்டு எது, பாடியவர் யார் என்று எதிராளிக்குத் தெரிந்துவிடக் கூடாது. வில்லிஸ் ஜாக்சனின் ஒரு சாக்ஸபோன் பாட்டுக்கு 'கோக்ஸன் ஹாப்' என்று தன் பெயரையே வைத்து, டாட் வருடக்கணக்கில் ஓட்டினார். கடைசியில் டியூக் ரீட் அதே தட்டைக் கண்டுபிடித்து, டாட் காதுபடவே போட்டார். இன்று லேபிளில் ஒரு கீறல் இருந்தால் பாதி விலை கேட்கும் நம்மைப் பார்த்தால் அவர்கள் சிரிப்பார்கள்.

அமெரிக்காவில் ரசனை ராக் அண்ட் ரோல் பக்கம் சாய்ந்தபோது இவர்களுக்குத் தேவையான சரக்கு வருவது குறைந்தது. சரி, நாமே பதிவு செய்வோம் என்று இறங்கினார்கள். டாட் 1963-ல் பிரென்ட்ஃபோர்ட் ரோட்டில் ஸ்டூடியோ ஒன் தொடங்கினார். டியூக் ரீட் தன் மதுக்கடை மாடியில் ட்ரெஷர் ஐல் தொடங்கினார். ஸ்கா என்ற துள்ளல் இசை வந்தது, 1966 வாக்கில் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி ஆனது, 1968-ல் ரெகே. மூன்றையும் ஊட்டி வளர்த்தது அமெரிக்கக் கருப்பர் இசை. 1965-ல் ஸ்கேட்டலைட்ஸ் என்ற ஸ்கா குழு கலைந்த பிறகு ஸ்டூடியோ ஒன்னில் வாசித்த குழுவின் பெயரே சோல் பிரதர்ஸ், பிறகு சோல் வெண்டர்ஸ். இதற்கு மேல் வெளிப்படையாக எப்படிச் சொல்வார்கள்?

அதிலும் சிகாகோவின் சோல் பாடகர் குழு இம்ப்ரெஷன்ஸ், அவர்களுக்குப் பாட்டு எழுதிப் பாடிய கர்டிஸ் மேஃபீல்ட். கருப்பு அமெரிக்காவுக்கு வெளியே அவரை இவ்வளவு ஆழமாகக் கேட்ட ஊர் கிங்ஸ்டன் மாதிரி வேறொன்று இருந்திருக்காது என்பது என் எண்ணம். மூன்று குரல்கள், மேலே ஒரு கள்ளக்குரல், பாதி காதல், பாதி தேவாலயம். மார்லி, டோஷ், பன்னி மூவரும் வெய்லர்ஸ் என்று சேர்ந்து பாட வந்தபோது முன்னால் வைத்துக்கொண்ட அச்சு அதுதான்.

உங்கள் நண்பரை உட்கார வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் இம்ப்ரெஷன்ஸின் 'யூல் வான்ட் மி பேக்'. அடுத்து அதே பாட்டை 'யூ டோன்ட் கேர்' என்று கிங்ஸ்டனின் டெக்னிக்ஸ் குழு டியூக் ரீடுக்காகப் பாடியது. முன்னால் பாடுபவர் பாட் கெல்லி. முதல் முறை நண்பர் காதில் மெட்டு மட்டும்தான் விழும், "பார்த்தாயா" என்பார். இரண்டாம் முறை பாடுபவரை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் தொடரச் சொல்லுங்கள். சிகாகோ பதிவில் பேஸ் பாட்டைத் தாங்குகிறது, சுவருக்கு அஸ்திவாரம் மாதிரி. கிங்ஸ்டன் பதிவில் பேஸ் தானே பாடுகிறது: நாலு சுரம் எடுத்து, நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி எடுக்கிறது. பாடகர் அந்த இடைவெளிகளில் புகுந்து புறப்படுகிறார். யார் முன்னால், யார் பின்னால் என்பதே மாறிவிட்டது.

டிரம்ஸ் இன்னொரு கதை. சோல் பாட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் இரண்டிலும் நான்கிலும் பளீர் என்று அடி விழும். ரெகேயின் 'ஒன் டிராப்'பில் மொத்த எடையும் மூன்றில் விழுகிறது. இரண்டிலும் நான்கிலும் கிட்டார் சுருக்கென்று வெட்டிப் போகும். ஒன்றில் எதுவும் இல்லை. நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால் சமத்தையே காலியாக விட்டுவிட்டு வாசிக்கிறார்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள், முதல் அடியில் உங்கள் கை மட்டும் தனியாக விழும். இது கைவந்துவிட்டால் எந்த ஊர்ப் பாட்டைக் கொடுத்தாலும் உள்ளே இழுத்துப்போட முடியும். சங்கதி கூட்டுவதைப் போல என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் சங்கதி போட்டாலும் நாம் தாளத்தில் கை வைப்பதில்லை. இவர்கள் அதிலேயே கை வைத்தார்கள்.

நண்பர் பக்கத்து நியாயம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைய ஜமைக்கத் தட்டுகளில் பாட்டை எழுதியவர் பெயருக்கு நேரே பாடகரோ தயாரிப்பாளரோதான் பெரும்பாலும் இருப்பார். மேஃபீல்டுக்குப் பெயரும் போகவில்லை, பணமும் போகவில்லை. ஜமைக்காவுக்குப் புதிய காப்புரிமைச் சட்டம் வந்ததே 1993-ல். வெய்லர்ஸ் 1965-ல் ஸ்டூடியோ ஒன்னுக்காக 'ஒன் லவ்' பாடியபோது, அதே வருடம் வந்த மேஃபீல்டின் 'பீப்பிள் கெட் ரெடி' அதற்குள் இருந்தது. யாரும் கேட்கவில்லை. 1977-ல் மார்லியின் 'எக்ஸோடஸ்' ஆல்பம் உலகம் முழுக்க விற்கப் போகும்போதுதான் 'ஒன் லவ்/பீப்பிள் கெட் ரெடி' என்று இரண்டு பெயரும் சேர்ந்து, மேஃபீல்டின் பெயரும் ஏறியது. உங்களிடம் இருக்கும் 'லெஜண்ட்' உறையின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

ஆனால் சுரண்டல் ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை. 1972-ல் ஸ்டேப்பிள் சிங்கர்ஸின் 'ஐல் டேக் யூ தேர்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. சோல் இசையின் தலைமையகம் என்று சொல்லத்தக்க ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் வெளியீடு. அதன் தொடக்கத்தை வைத்துக்கொண்டு, 1969-ல் கிங்ஸ்டனில் ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸ் வாசித்த 'லிக்விடேட்டர்' என்ற ஆர்கன் பாட்டைப் போடுங்கள். அதே பேஸ். வாசித்தவர் ஆஸ்டன் பாரெட், பின்னாளில் மார்லியின் பேஸ் கிட்டார்காரர். ஸ்டாக்ஸ் தட்டில் எழுதியவர் என்று இருப்பது அந்த நிறுவனத்தின் அல் பெல் மட்டும்தான். உங்கள் நண்பரிடம் இதையும் காப்பி என்பாரா என்று கேளுங்கள்.

ஆகவே என் யோசனை: ஜோடியாக வாங்குங்கள். ஒரு ஜமைக்கத் தட்டு, அதன் பின்னால் நிற்கும் சோல் தட்டு. அலமாரியிலும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், அகர வரிசை வேண்டாம். மாதம் இரண்டு என்பது இதற்குச் சரியான கணக்கு. அமெரிக்கப் பாடகி நினா சிமோனுக்குப் பக்கத்தில், அவருடைய 'யங், கிஃப்டட் அண்ட் பிளாக்'கை 1970-ல் பிரிட்டன் வரை கொண்டுபோன பாப் ஆண்டியும் மார்சியா கிரிஃபித்ஸும். (பிரிட்டிஷ் சந்தைக்காக மேலே வயலின்களை அப்பிய பதிவுதான் சாதாரணமாகக் கிடைக்கும். எனக்கு அது பாயசத்துக்கு மேல் இன்னொரு கரண்டி சர்க்கரை.) சில் ஜான்சனின் 'இஸ் இட் பிகாஸ் ஐ'ம் பிளாக்'குக்குப் பக்கத்தில் கென் பூத் பாடியது. இம்ப்ரெஷன்ஸின் 'மின்ஸ்ட்ரல் அண்ட் குயீன்', பக்கத்தில் டெக்னிக்ஸின் 'குயீன் மெஜஸ்டி', அதற்கும் பக்கத்தில் அதே மெட்டின் மேல் யூ-ராய் பேசிப் பாடும் 'சாலிஸ் இன் த பேலஸ்', 'ட்ரெட் இன் எ பாபிலான்' ஆல்பத்தில், 1975. ஒரு சிகாகோக் காதல் பாட்டு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

வெய்லர்ஸின் 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பம் தனியாகவே ஒரு ஜோடி. 1973-ல் வந்த முதல் இருபதாயிரம் பிரதிகளின் உறை, சிப்போ லைட்டர் மாதிரி மேல்பாதி திறக்கும். அதற்காகவே யானை விலை சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியம், லண்டனில் மேலே சேர்த்த வாசிப்பு: 'கான்கிரீட் ஜங்கிள்' பாட்டின் கிட்டார், சோல் தட்டுகளுக்குப் பேர்போன அமெரிக்க ஊரான மஸல் ஷோல்ஸிலிருந்து வந்த வெய்ன் பெர்கின்ஸ் வாசித்தது. அவர் அதுவரை ரெகே வாசித்தவர் அல்ல. அந்தச் சேர்க்கைகள் இல்லாத ஜமைக்கப் பதிவு 2001 மறுவெளியீட்டில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க லைட்டர் உறை தேவையில்லை.

முதல் பிரதி பற்றிக் கேட்டீர்கள். முதலில் ஒன்று: அந்தக் கால ரெகே எல்பி என்பது பெரும்பாலும் ஏழு அங்குலத் தட்டுகளாக வந்தவற்றின் தொகுப்புதான். பாட்டு பிறந்த வடிவம் அந்தச் சின்னத் தட்டு, பின்பக்கம் குரலை எடுத்துவிட்ட 'வெர்ஷன்'. எல்பியின் முதல் அச்சுக்காக உயிரைக் கொடுப்பதில் அர்த்தம் குறைவு. இரண்டாவது, ஜமைக்க அச்சு பெரும்பாலும் கரகர. பழைய தட்டுகளை உருக்கிச் சேர்த்து அச்சடித்தவையும் உண்டு, நடு ஓட்டை நடுவில் இல்லாதவையும் உண்டு.

நானும் பட்டிருக்கிறேன். சில வருடம் முன்பு, அறுபதுகளின் ஸ்டூடியோ ஒன் மூலப் பிரதி என்று ஒருவர் இணையத்தில் போட்டிருந்ததை ஒரு மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கினேன். உறை கைக்கு வந்ததுமே தெரிந்துவிட்டது: முகத்தில் புள்ளி புள்ளியாக அச்சு, பழைய உறையைப் படம் எடுத்து அச்சடித்த மங்கல். இரண்டு தலைமுறை தள்ளி வந்த மறு அச்சு. திருப்பி அனுப்பச் சண்டை போட்டுத் தோற்றேன். ஆனால் பாட்டு? பாட்டு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வேடிக்கை. இப்போது வாங்குமுன் தட்டின் உட்சுற்றில் பொறித்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சோல் ஜாஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டூடியோ ஒன் சோல்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள், முழுக்க இந்த விஷயம்தான். அப்புறம் டூட்ஸ் ஹிபர்ட். மே பென் ஊர் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர், சோல் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்குக்கு இணையான தொண்டை. 'ஃபங்கி கிங்ஸ்டன்' வாங்கும்போது மட்டும் பின்னட்டையைப் பாருங்கள்: 1973 பிரிட்டிஷ் ஆல்பத்திலும் 1975 அமெரிக்க ஆல்பத்திலும் பெரும்பாலான பாட்டுகள் வேறு, பெயர்தான் ஒன்று.

கடைசியாக 1988-ன் 'டூட்ஸ் இன் மெம்ஃபிஸ்'. சோலின் தாய்வீடுகளில் ஒன்றான மெம்ஃபிஸுக்கே போய், சோல் பாடகர் அல் கிரீனுக்குக் கிட்டார் வாசித்த டீனி ஹாட்ஜஸையும் கிங்ஸ்டனின் டிரம்ஸ், பேஸ் ஜோடியான ஸ்லை, ராபியையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பாடியது. நான் இங்கே டொரன்டோவில், எக்ளின்டன் மேற்குச் சாலையின் ஜமைக்கக் கடை வரிசையில் அதை வாங்கினேன். ஸ்டூடியோ ஒன்னின் ஆர்கன்காரர் ஜாக்கி மிட்டூ வந்து குடியேறிய ஊர் இது. தட்டைப் பையில் போட்டுக்கொண்டே கடைக்காரர், "ஓடிஸ் வைத்திருக்கிறாயா?" என்றார். இல்லை என்றேன். பையிலிருந்து தட்டை வெளியே எடுத்துக் கல்லா மேல் வைத்துவிட்டு, "அந்தப் பெட்டியில் இருக்கிறது, முதலில் அதை எடுத்துக்கொண்டு வா" என்று கை காட்டினார்.