ஒரு நாள், ஒரு பக்கம், ஒரு வேலை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஒருநாள் ஹேக்கத்தான் (பலர் ஒன்றாக உட்கார்ந்து நிரல் எழுதும் கூடல்) நடத்தப்போகிறோம். தலைப்பு ‘சமுதாயப் பிரச்சினைகளுக்கு இணையத் தீர்வு’. ஒரே நாளில் உருப்படியாக என்ன செய்ய முடியும்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: முதலில் அந்தத் தலைப்பைத் தூக்கி ஓரமாக வையுங்கள். இவ்வளவு பெரிய தலைப்பைக் கொடுத்தால் எல்லாக் குழுவும் ஸ்லைடு போடும், சாயங்காலம் கையில் ஸ்லைடு மட்டும்தான் இருக்கும். டீ, சாப்பாடு, வரவேற்புரை எல்லாம் போனால் மிஞ்சுவது ஆறு மணி நேரம்தான், அதற்குள் ஒரே ஒரு வேலையைச் செய்கிற ஒரே ஒரு இணையப் பக்கம் போதும்.

தமிழ் எழுத்துகளை எண்ணும் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் 5 என்று சொல்லும். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு, ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு, ‘த’ ஒன்று, ஆக ஐந்து. பள்ளிக்கூடக் கணக்கில் அது 3 எழுத்து. இப்போதைய உலாவிகளில் இருக்கிற, எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் ‘செக்மென்டர்’ வசதியைப் பயன்படுத்தினால் சரியாக 3 வரும், ஆனால் ‘ஸ்ரீ’யை அது இரண்டாக எண்ணும், அதை நீங்கள்தான் தனியாகக் கவனிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குள் முதல் வடிவம் ஓடிவிடும், அப்புறம் இந்த வில்லங்கங்களுக்கு நேரம் இருக்கும். முடித்ததை, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்கிற கட்டற்ற உரிமத்தோடு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடுங்கள். இதுபோன்ற பக்கத்துக்கு தனியாக சர்வரே வேண்டாம், அதே தளத்தின் கிட்ஹப் பேஜஸ் வசதியில் காசில்லாமல் ஓடும்.

கேள்வி: நான் தமிழாசிரியை. நிரல் எழுதத் தெரியாது. ஹேக்கத்தானுக்கு நான் வந்தால் இடைஞ்சலாக இருக்காதா?
– ஆசிரியை, கரூர்

பதில்: கட்டாயம் வாருங்கள், உங்களைப் போன்றவர் இல்லாத மேசையில்தான் பிழை ஒளிந்திருக்கும். ‘கௌ’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ‘கெ’யும் ‘ள’வும் அடித்துவைப்பவர்கள் ஏராளம். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், கருவிக்கோ ஒன்று ஓரெழுத்து, மற்றது ஈரெழுத்து. இந்த மாதிரிச் சொற்களாகப் பார்த்து ஒரு பட்டியல் எழுதி எடுத்துவாருங்கள், பையன்கள் கதிகலங்கட்டும்.

கேள்வி: ஹேக்கத்தானில் முதல் பரிசு வைத்தால்தான் கூட்டம் வரும் என்கிறார்கள், வைக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூட்டம் வரும், சரி. ஆனால் பக்கத்து மேசைக்காரன் கேட்டால் லேப்டாப்பை மூடிக்கொள்வார்கள். 1999 ஜூனில் ஓபன்பிஎஸ்டி என்ற கட்டற்ற இயங்குதளத்தின் நிரலாளர்கள் 10 பேர் கனடாவின் கால்கரியில் கூடி அந்தக் கூடலுக்கு ஹேக்கத்தான் என்று பெயர் வைத்தது பரிசுக்காக இல்லை. தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்க நிரல்களை ஏற்றுமதி செய்ய அமெரிக்காவில் சட்டச் சிக்கல் இருந்தது, அதைத் தவிர்க்கத்தான் கனடா. உங்கள் பரிசுப் பணத்தில் மேசைக்கொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிப் போடுங்கள், எந்த ஹாலிலும் முதல் சண்டை பிளக் பாயிண்டுக்குத்தான்.