வெயில் பெய்வதில்லை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தில் ஓரளவு தடையில்லாமல் எழுதுவேன், ஆனால் எல்லாம் பள்ளிக்கூடத்துச் சொற்கள். உயர்நிலைச் சொற்கள் வேண்டும் என்று ஒரு தேர்வுப் பட்டியலை எடுத்து, நாளுக்கு இருபது சொல் வீதம் தமிழ்ப் பொருளோடு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். 1500 சொற்கள் சேர்ந்துவிட்டன. பொருள் கேட்டால் சொல்லிவிடுவேன். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. வலிந்து எழுதினால், 'புரிகிறது, ஆனால் இப்படி யாரும் எழுதமாட்டார்கள்' என்கிறார் திருத்துபவர். மூன்று மாதிரிகள்: 'வீ மிட்டிகேட்டட் தி பிரைஸ்', 'ஷீ இஸ் ரெலக்டன்ட் ஃபார் டிராவல்', நண்பருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில் 'லெட் அஸ் கமென்ஸ் லஞ்ச்'. எங்கே தவறுகிறேன்? நாளுக்கு எத்தனை சொல் படிக்கலாம்?

க.

அன்புள்ள க.,

மூன்றும் மூன்று வகைப் பிழை, வேர் ஒன்று. உங்கள் நோட்டில் சொல்லுக்கு எதிரே பொருள் மட்டும் இருக்கிறது.

மிட்டிகேட் என்றால் 'குறை, தணி' என்று எழுதியிருப்பீர்கள். அது சரிதான். ஆனால் ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட் என்று தீங்கானவற்றின் கடுமையைக் குறைப்பதற்குத்தான் அந்தச் சொல். விலைக்கு ரெட்யூஸ் அல்லது லோயர் போதும். தமிழில் மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது. 'வெயில் பெய்கிறது' என்று ஒருவர் சொன்னால் நமக்குப் புரியும், காதுதான் ஒப்புக்கொள்ளாது. உங்களைத் திருத்துபவருக்கும் அதுதான் நேர்கிறது. இப்படிச் சொற்கள் சேர்ந்தே நடக்கும் வழக்கத்தைக் கோலொகேஷன் என்பார்கள். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறியலாம் என்று மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் எழுதினார்.

இரண்டாவது வாக்கியத்தில் நம்முடைய நான்காம் வேற்றுமை ஒளிந்திருக்கிறது. 'பயணத்துக்குத் தயங்குகிறாள்' என்பதிலுள்ள 'க்கு'தான் 'ஃபார்' ஆகியிருக்கிறது. ரெலக்டன்ட்டுக்குப் பின்னால் 'டு' வரும், அதையடுத்து வினைச்சொல்: 'ரெலக்டன்ட் டு டிராவல்'. 'விருப்பமில்லாத' என்ற பொருளுள்ள அவர்ஸ் என்ற சொல்லுக்கும் 'டு'தான், ஆனால் அதன் பின்னால் பெரும்பாலும் பெயர்ச்சொல்: 'அவர்ஸ் டு ரிஸ்க்'. டிஸ்கஸ் என்ற வினைக்கு 'அபவுட்' வேண்டாம். சஜஸ்ட்டுக்குப் பின் 'டு கோ' வராது, 'கோயிங்' வரும். இதற்கெல்லாம் காரணம் தேடிப் பயனில்லை. சொல்லோடு ஒட்டியே எழுதிவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது, இடம் அறியாத சொல். கமென்ஸ் நீதிமன்றத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் விழா அழைப்பிதழுக்கும் உரியது. நண்பரோடு சாப்பிட உட்காரும்போது ஸ்டார்ட் போதும். கடினமான சொல் என்றாலே உயர்ந்த சொல் என்று நினைப்பதால் வரும் பிழை இது. நன்றாக எழுதுபவர்களும் பெரும்பாலான இடங்களில் ஸ்டார்ட் என்றே எழுதுகிறார்கள்.

ஆகவே முதலில் அகராதியை மாற்றுங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட லேர்னர்ஸ் டிக்‌ஷனரி வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட், லாங்மன், கோபில்ட் மூன்றில் எதுவானாலும் சரி. லாங்மன் ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாப் பொருளையும் விளக்கிவிடும். 1987இல் வெளிவந்த கோபில்ட் பொருளையே முழு வாக்கியமாகச் சொல்லும். யார், எதை, எப்போது என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒரு சொல்லைப் பார்க்கும்போது பொருளோடு நிற்காமல் இன்னும் நான்கைப் பாருங்கள்: எண்ணக்கூடிய பெயரா இல்லையா, பின்னால் என்ன இடைச்சொல், ஃபார்மல் என்ற குறிப்பு உண்டா, எடுத்துக்காட்டில் கூட வரும் சொற்கள் எவை. எடுத்துக்காட்டு போதவில்லை என்றால் கோகா என்ற அமெரிக்க ஆங்கிலத் தரவுத்தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. அதில் நூறு கோடிச் சொற்களுக்கு மேல் உண்டு. மிட்டிகேட்டுக்கு அடுத்து அதிகம் வரும் பெயர்ச்சொற்களைத் தேடினால், முதலில் வரும் பத்தே உங்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடும்.

அந்தத் தேடலில் சொல்லின் நிறமும் தெரியும். ரைஃப் என்பதற்கு 'மிகுதியாக' என்று பொருள் எழுதி, 'தோட்டம் பூக்களால் ரைஃப்' என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லோடு வருவது ஊழல், நோய், வதந்தி. நல்லது அதன் பக்கத்தில் அரிதாகவே வரும்.

வாக்கியம் அமைப்பதை ஒரே மூச்சில் செய்யாதீர்கள். முதலில் அகராதியின் வாக்கியத்தை அப்படியே கையால் எழுதுங்கள். பிறகு ஒரே ஓர் இடத்தை மட்டும், எழுவாயையோ செயப்படுபொருளையோ, மாற்றுங்கள். மூன்றாவதாகத்தான் சொந்த வாக்கியம். எழுதியதை ஒருமுறை சோதியுங்கள்: கற்ற சொல்லை எடுத்துவிட்டு அங்கே கோடு போடுங்கள். மெட்டிகுலஸ் என்றால் சின்ன விவரத்திலும் மிகுந்த கவனம் உள்ள என்று பொருள். 'ஷீ இஸ் மெட்டிகுலஸ்' என்பதில் கோடு போட்டால் அங்கே குட், டயர்ட், டால் எதுவும் உட்காரும். அந்த வாக்கியத்தால் பயனில்லை. கையெழுத்திடும் முன் ஒவ்வொரு ரசீதையும் இருமுறை சரிபார்க்கும் கணக்கரைப் பற்றி எழுதினால் மெட்டிகுலஸ் தவிர அதிகம் பொருந்தாது. அதே வாக்கியத்தைக் கோட்டோடு ஓர் அட்டையின் முன்பக்கம் எழுதி, பின்பக்கம் சொல்லை வையுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளி விட்டு, பின்பக்கத்தைத் திருப்பாமல் நினைவுகூருங்கள். தப்பினால் அந்த அட்டை மீண்டும் மறுநாள் கணக்கில் சேரும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1972இல் பரப்பிய, அட்டைகளைப் பெட்டியில் பிரித்துவைத்துப் படிக்கும் முறையின் சாரம் இதுதான். இன்றைய செயலிகள் பலவும் இதையே செய்கின்றன. தமிழ்ப் பொருளை அடியோடு விலக்கச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் சந்திப்புக்குத் தமிழ்தான் வேகமான வழி. அட்டையின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக இருக்கட்டும்.

நாளுக்கு எத்தனை என்றால், எழுதிப் பயன்படுத்த ஒன்று போதும். வாரத்துக்கு ஏழு. படித்துப் புரிந்துகொள்ள மட்டும் வேண்டிய சொற்கள் தனிக் கணக்கு. அவை எத்தனை வந்தாலும் நல்லது. உங்கள் 1500இல் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைக்குத்தான் போகும். நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். நீங்கள் வாசிக்கும்போது இரண்டு மூன்று முறை தானாக எதிர்ப்பட்ட சொல்லுக்கு மட்டும் டிக் போட்டு, அதற்கு அட்டை எழுதுங்கள். பட்டியலை வைத்துத்தான் படிப்பேன் என்றால், மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட அகடெமிக் வேர்ட் லிஸ்ட்டை எடுங்கள். அதிலுள்ள 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்) கல்வித்துறை எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஜிஆர்இக்கான பழைய பட்டியல்கள் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளுக்காகத் தொகுக்கப்பட்டவை. 2011 ஆகஸ்டில் அந்தத் தேர்வே அவ்வகைக் கேள்விகளைக் கைவிட்டுவிட்டது. பட்டியல்கள் மட்டும் இன்னும் சுற்றுகின்றன.

பட்டியல்களில் இன்னொரு தொல்லை, ஒரே பொருளுள்ளவற்றைச் சேர்த்து அடுக்குவது. மிட்டிகேட், அலீவியேட், அலே மூன்றையும் ஒரே நாளில் படித்தால் மூன்றும் குழம்பும். அலீவியேட் வலிக்கும் வறுமைக்கும், அலே அச்சத்துக்கும் ஐயத்துக்கும் என்ற வேறுபாடு, ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றதைப் படித்தால்தான் நிற்கும். ஓசையில் நெருங்கியவையும் அப்படியே. 'மிட்டிகேட் அகெய்ன்ஸ்ட்' என்று தேர்ந்தவர்களே எழுதிவிடுகிறார்கள். 'ஒன்றுக்கு எதிராக வேலை செய்வது' என்ற பொருளில் அங்கே வர வேண்டியது மிலிட்டேட்.

அட்டை எழுதும் அன்றே அகராதியின் ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேட்டுவிடுங்கள். எபிட்டமி என்பதை எபிடோம் என்றும், ஹைபர்பலி என்பதை ஹைபர்போல் என்றும் மனதுக்குள் படித்துப் பழகியவர்கள் பேச்சில் அந்தச் சொல் வரும் இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள்.