ஓர் உயர்நிலைப் பள்ளி முழுவதும் கற்பித்தலை மேம்படுத்த எங்கிருந்து தொடங்குவது?

ஆண்டுதோறும் ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்தியும் தம் பள்ளியின் வகுப்பறைகளில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்று கேள்வி கேட்டவர் குறிப்பிட்டிருக்கிறார். மொரீசியஸில் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்: பட்டறைகளைக் குறைத்துக்கொண்டு, ஒரே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை உட்கார்ந்து மாணவர்களின் நோட்டுகளைச் சேர்ந்து பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஏழாம் வகுப்பில் −5 − 3 என்று கொடுத்தால், பல பிள்ளைகள் +8 என்று எழுதுவார்கள். இரண்டு மைனஸ் சேர்ந்தால் ப்ளஸ் என்று பெருக்கலுக்காகக் கற்றுக்கொண்ட விதியை இங்கும் பயன்படுத்திவிடுகிறார்கள். தனியாக உட்கார்ந்து திருத்தும் ஆசிரியர் அதன்மேல் சிவப்பு மையால் கோடு போட்டு, −8 என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுப்பார். மூன்று பிரிவுகளின் நோட்டுகளையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கும்போதுதான், எல்லாப் பிரிவிலும் அதே பிழை இருப்பதும், எண்கோட்டில் நகர்ந்து பழகுவதற்கு முன்பே நாம் விதியை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டோம் என்பதும் தெரியவரும். அப்போது மாற்ற வேண்டியது பாடத்தின் வரிசை என்பதில் யாருக்கும் ஐயம் இராது. ப்ளஸ், மைனஸ் குறியில் வரும் இதே பிழை இயற்பியலில் திசைவேகக் கணக்கிலும் தலைகாட்டும் என்பதால், அந்த ஆசிரியரையும் உடன் அழைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் தீவில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. பாடநூலும் தேர்வும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆசிரியர் பிரெஞ்சிலோ, அதிலிருந்து உருவான தீவின் பேச்சுமொழியான கிரியோலிலோ விளக்குகிறார். தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பெரும்பாலான வீடுகளில் பேசப்படுவது கிரியோல்தான். கொடியில் போட்ட ஈரத்துணி காய்வதற்கும் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், ஒரு பிள்ளை கிரியோலில் தடங்கலின்றிச் சொல்லிவிடும். அதன் நோட்டிலோ கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதிய ஆங்கில வாக்கியம் மட்டும் பிழையில்லாமல் இருக்கும். அந்த வாக்கியத்தைப் பார்த்துப் பாடம் புரிந்துவிட்டது என்று நினைப்பதும், தேர்வு விடைத்தாளைப் பார்த்துப் பிள்ளைக்கு அறிவியலே வராது என்று நினைப்பதும் இரண்டுமே தவறு. முதலில் பக்கத்திலிருப்பவரிடம் கிரியோலில் இரண்டு நிமிடம் பேசச் சொல்லி, பிறகு தன் சொந்த ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சிறுபலகையில் எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னால், முழு வகுப்பின் நிலையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வகுப்பில் மொழியைக் கலக்கவே கூடாது என்று கண்டிப்பாக இருக்கும் மூத்த ஆசிரியர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் புரியாததைப் புரியாத மொழியிலேயே திரும்பத் திரும்பச் சொல்வதால் ஆங்கிலமும் வளர்வதில்லை.

மதிப்பெண் விஷயத்தில் பெற்றோரிடமும் பேசியாக வேண்டும். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் இல்லாமல் குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணையும் குறிப்புரையையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. எண்ணைப் பார்த்ததும் குறிப்புரையைப் படிக்காமல் நோட்டை மூடிவிடுவது நம் பிள்ளைகளுக்கும் வழக்கம்தானே. 1977 முதல் இடைநிலைக் கல்வி இங்கே இலவசம் என்றாலும், எஸ்.சி. (பள்ளிச் சான்றிதழ்), எச்.எஸ்.சி. (உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) தேர்வுகளை நினைத்து மாலையில் டியூஷனுக்குக் கட்டணம் கட்டும் பெற்றோர் "எத்தனை மார்க்?" என்று கேட்பது இயல்பே. பருவத் தேர்வுக்கு மட்டும் மதிப்பெண், இடையில் வரும் பயிற்சிகளுக்குக் குறிப்புரை என்று பள்ளித் தலைவரான ரெக்டரே பெற்றோர் கூட்டத்தில் அறிவித்துவிட்டால், தனி ஆசிரியர் ஒவ்வொருவரும் வாதாட வேண்டியதில்லை.

அடுத்தது, ஒருவர் வகுப்பை மற்றவர் பார்வையிடுவது. ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க, மற்றவர்கள் மாணவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதைக் கவனிக்கும் முறை நெடுங்காலமாக உள்ளது. நாம் அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வந்திருப்பவர் ஆசிரியரை எடைபோடாமல், மூன்று பிள்ளைகளின் அருகில் உட்கார்ந்து அவர்கள் எந்த இடத்தில் பேனாவை நிறுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கையில் படிவத்தோடு வந்தால் அது ஆய்வாகிவிடும். ஆய்வன்று எல்லோரும் நன்றாகவே கற்பிப்போம், அதனால் யாருக்கும் பயனில்லை.

இவற்றுக்குத் தேவைப்படுவது நேர அட்டவணையில் ஒரு சிறு மாற்றம்: ஒரு துறையின் ஆசிரியர்கள் அனைவருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளை பொதுவாக ஓய்வாக இருக்க வேண்டும். அட்டவணை போடும் உதவி ரெக்டரிடம் டிசம்பர் விடுமுறைக்கு முன்பே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஜனவரியில் வகுப்புகள் தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. மின்பலகை வாங்கும் திட்டம் ஏதும் இருந்தால், அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.