பிசுபிசுக்கும் டிராகுலா, மஞ்சளான மம்மி: பொம்மைச் சேகரிப்பாளர்களுக்கான கேள்வி-பதில்

1950-களில் தொடங்கி 1990 வரை வெளிவந்த பிளாஸ்டிக் மான்ஸ்டர் பொம்மைகளையும் பிளே செட்டுகளையும் சேர்ப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முன் நாங்கள் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது ஒன்றுதான்: அது எந்தப் பிளாஸ்டிக்? ஆகவே அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

பார்க்க எல்லாமே ஒரே பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. எது பி.வி.சி., எது பாலிஎதிலீன் என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா? (மதுரை)

உண்டு. ஒரு பக்கெட் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் போதும். சாதாரணத் தண்ணீரில் பொம்மையை அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் தேய்த்து நீக்கிவிட்டுக் கையை எடுங்கள். மிதந்தால் பாலிஎதிலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். மூழ்கினால் அடுத்த கட்டம்: 1 லிட்டர் தண்ணீரில் 120 கிராம் உப்பை நன்றாகக் கரைத்து, அதில் போடுங்கள். இப்போது மிதந்தால் பாலிஸ்டைரீன் அல்லது ஏ.பி.எஸ். என்ற கெட்டிப் பிளாஸ்டிக். அப்போதும் அடியில் போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் பி.வி.சி.

உள்ளே வெற்றிடம் உள்ள பொம்மை, திருகு அல்லது ஸ்பிரிங் உள்ள பொம்மை, காகித ஸ்டிக்கர் ஒட்டியது, மேலே பஞ்சுத்தூள் ஒட்டியது (ஹீ-மேன் வரிசையில் 1985-ல் வந்த மாஸ் மேன் போல) ஆகியவற்றை நீரில் போடக் கூடாது. போட்டாலும் முடிவு சரியாக வராது. அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும். பாலிஎதிலீன் மெழுகு தடவியதுபோல வழுக்கும், நகத்தால் அழுத்தினால் தடம் விழும். பாலிஸ்டைரீனைத் தட்டினால் கண்ணாடித்தனமாக ‘டக்’கென்று ஒலிக்கும். மென்மையான பி.வி.சி. ரப்பர் போல வளையும், பழையதாக இருந்தால் புதுச் செருப்புக்கடை வாடை லேசாக அடிக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். பொம்மைக்கும் கேடு, பி.வி.சி. புகை நுரையீரலுக்கும் கேடு. வேண்டாம்.

1970-களில் நூலில் தொங்கவிட்டு விற்ற மெத்தென்ற ரப்பர் டிராகுலா ஒன்று வைத்திருக்கிறேன். தொட்டால் கையில் ஒட்டுகிறது, தூசியெல்லாம் அதன்மேல்தான். துடைத்தால் ஒரு மாதத்தில் மறுபடியும் அதே கதை. (சென்னை)

சேகரிப்பாளர்கள் ‘ஜிக்லர்’ என்று அழைக்கும் ரகம் அது. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். அதைத் தொளதொளவென்று ஆக்க எண்ணெய் போன்ற மென்மையூட்டியைத் தாராளமாகக் கலந்திருப்பார்கள். அது பிளாஸ்டிக்கோடு வேதியியல் முறையில் பிணைந்திருப்பதில்லை, நடுவே சிக்கிக்கொண்டு மட்டும் இருக்கிறது. ஆண்டுகள் போகப் போக மேற்பரப்புக்குக் கசிந்து வருகிறது. வெப்பம் கூடினால் கசிவும் கூடும். மே மாதத்தில் உங்களுக்குத் தொல்லை அதிகம் என்றால் காரணம் இதுதான்.

வெதுவெதுப்பான நீர் அரை லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து சொட்டு விட்டு, மென்மையான பல்துலக்கியால் மடிப்புகளில் தேய்த்துக் கழுவுங்கள். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகும் பிசுபிசுத்தால், பெயின்ட் இல்லாத இடங்களில் மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஒரே முறை துடைத்து எடுங்கள். ஊற வைக்க வேண்டாம். ஆல்கஹால் மென்மையூட்டியை உள்ளேயிருந்தும் இழுத்துவிடும், பொம்மை சுருங்கி விறைத்துப்போகும். கடைசியாகச் சோளமாவை மெல்லிய தூரிகையால் தூவி, உபரியைத் தட்டிவிடலாம், தற்காலிக நிவாரணம்தான்.

மறுபடி மறுபடி வருவதற்கு முக்கியக் காரணம், நீங்கள் அதை ஜிப் பையில் காற்றுப் புகாமல் அடைத்து வைத்திருப்பது என்று ஊகிக்கிறோம். கசிந்தது வெளியேற வழியில்லாமல் அதன்மேலேயே படியும். பி.வி.சி. சிதையும்போது மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் குளோரைடும் வெளியாகும். அடைபட்ட இடத்தில் அது சிதைவை இன்னும் வேகப்படுத்தும். திறந்த தட்டில், அமிலமில்லாத டிஷ்யூ தாள் விரித்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். முழுமையாகக் குணமாகும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

மார்க்ஸ் பொம்மைக் கம்பெனியின் டைனோசர் பிளே செட் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். டைனோசர்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் கூட வந்த பிளாஸ்டிக் மலையில் வேறு ஏதோ பொம்மையின் இரண்டு கால் தடம் உருகிப் பதிந்திருக்கிறது. தீப்பட்டதா? (கோயம்புத்தூர்)

தீ இல்லை. முந்தைய உரிமையாளர் ஏதோ மென்மையான பி.வி.சி. பொம்மையை அதன்மேல் வைத்தே பல ஆண்டுகள் பெட்டியை மூடி வைத்திருக்கிறார். மேலே சொன்ன அதே மென்மையூட்டி பாலிஸ்டைரீனுக்குக் கரைப்பான். தொட்ட இடத்தைக் கரைத்துவிட்டது. டைனோசர்கள் பாலிஎதிலீன் என்பதால் தப்பின.

பள்ளத்தைப் பழையபடி ஆக்க முடியாது. நிரப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் நிறம் ஒருபோதும் ஒத்துவராது. விற்கும்போது ‘சீரமைக்கப்பட்டது’ என்றும் சொல்ல வேண்டியிருக்கும். தடம் அப்படியே இருக்கட்டும் என்பதே எங்கள் கருத்து. இனி மேற்கொண்டு நடக்காமல் இருக்க, வெவ்வேறு பிளாஸ்டிக்குகளுக்கு நடுவே பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் ஷீட் வையுங்கள். பளபளப்பான வினைல் உறை வேண்டாம், அதுவும் பி.வி.சி.தான்.

உங்கள் செட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மார்க்ஸ் இந்த டைனோசர்களை 1955-ல் கொண்டுவந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக பீபாடி அருங்காட்சியகத்தில் ருடால்ஃப் சாலிங்கர் 1947-ல் முடித்த சுவரோவியத்தின் சாயல் அவற்றில் அப்பட்டமாகத் தெரியும். தொப்பையும் நிமிர்ந்த முதுகுமாக நிற்கும் டிரனோசாரஸைப் பாருங்கள். இன்றைய அறிவியலுக்கு அது ஒத்துவராது, அலமாரியில் அதுதான் அழகு. உருவத்தின் மேலேயே பெயர் அச்சாகியிருக்கும். எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். நகல் எடுத்தவற்றில் முதலில் மழுங்குவது அதுதான்.

ஹீ-மேன் வரிசையின் ஸ்கெலட்டர் பொம்மை ஒன்றுக்குப் பேரம் நடக்கிறது. முதுகில் 1981 என்று இருப்பதால் ‘முதல் வருடத்துப் பொம்மை’ என்று விற்பவர் கூடுதல் விலை சொல்கிறார். இன்னொருவரிடம் இந்தியாவில் செய்த லியோ பொம்மை இருக்கிறது. எதை வாங்கலாம்? (திருச்சி)

முதுகில் உள்ள ஆண்டு பதிப்புரிமை ஆண்டு. அந்த வடிவம் எப்போது பதிவானது என்பதை மட்டும்தான் சொல்லும். மேட்டல் நிறுவனம் இந்த வரிசையைக் கடைக்குக் கொண்டுவந்ததே 1982-ல். அதே 1981 எண்ணோடு பல ஆண்டுகள் தொடர்ந்து வார்த்தார்கள். எனவே அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது அதன் பக்கத்தில் உள்ள நாட்டின் பெயர்: தைவான், மலேசியா, மெக்சிகோ என்று மாறும். நாட்டுக்கு நாடு முகத்தின் பெயின்ட், தலையின் மென்மை, கால் பூட்ஸின் நிறம் வேறுபடும். விலையும் அதற்கேற்ப வேறுபடும்.

இந்தியாவில் உரிமம் பெற்று வார்த்த லியோ பொம்மைகளை ஒரு காலத்தில் யாரும் சீந்தவில்லை. நிறங்கள் அமெரிக்கப் பொம்மையோடு பொருந்தாது என்ற அதே காரணத்துக்காக இப்போது வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் நாங்கள் லியோவைத்தான் எடுப்போம். இங்கே பரணில் இன்னும் கிடைக்கும் பொருள், கூரியர், சுங்கம் என்ற தலைவலியும் இல்லை.

வாங்கும் முன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரு கால்களையும் ஆட்டிப் பாருங்கள். உள்ளே கால்களை இணைக்கும் ரப்பர் தளர்ந்திருந்தால் பொம்மை நிற்காது. மாற்றலாம், பெரிய குறையல்ல. ஆனால் விலையைக் குறைக்க நல்ல காரணம். இடுப்பைத் திருப்பி விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், உடம்பு ஒட்டி மூடப்பட்டது, சேதமில்லாமல் திறப்பது கடினம்.

ஹீ-மேன் வரிசையின் கேஸில் கிரேஸ்கல் கோட்டையை முழுமையில்லாமல் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். வாங்கிவிட்டுப் பாகங்களைப் பிறகு தேடிக்கொள்ளலாமா? (டொராண்டோ)

பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. ஏணி, கொடி, லேசர் பீரங்கி, சிம்மாசனம், பயிற்சிக் கருவி, ஆயுத மேடை, அதில் நிற்கும் குட்டி ஆயுதங்கள் என்று தொலைவதற்கென்றே செய்த மாதிரி சின்னச் சின்னப் பாகங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, தனித்தனித் தபால் செலவோடு வாங்கினால் முழுக் கோட்டையின் விலையைத் தாண்டிவிடும். தாடை வடிவப் பாலமும் லிஃப்டும் இருந்து, மற்றவை மட்டும் இல்லை என்றால் யோசிக்கலாம். இரண்டு பாதிகளையும் இணைக்கும் கீல் முறிந்திருந்தால் தொடவே வேண்டாம்.

இப்போது முப்பரிமாண அச்சில் செய்த மாற்றுப் பாகங்கள் ஏராளம். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் இலை நரம்பு போல இணைகோடுகள் ஓடும். வார்த்த பாகத்தில் அது இருக்காது; அதற்குப் பதில் இரு அச்சுகள் சேர்ந்த ஒற்றைக் கோடு இருக்கும். மாற்றுப் பாகம் வைப்பது தப்பில்லை. அடியில் சின்னதாகக் குறியிட்டு வையுங்கள், உங்களுக்குப் பின் வாங்குபவர் ஏமாறக் கூடாது.

வெள்ளை மம்மி பொம்மை மஞ்சளாகிவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டால் வெளுக்கும் என்கிறார்கள். (சேலம்)

வெளுக்கும், ஏ.பி.எஸ். அல்லது பாலிஸ்டைரீனாக இருந்து பெயின்ட் இல்லாமலும் இருந்தால். அழகு நிலையப் பொருட்கள் விற்கும் கடையில் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள கிரீம் டெவலப்பர் (40 வால்யூம்) கேளுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். சீராகப் பூசி, சமையலறைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வெளிச்சத்தில் வைத்து ஒரு மணிக்கு ஒருமுறை திருப்பி, காய்ந்த இடத்தில் மீண்டும் பூச வேண்டும். கிரீம் காய்ந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். தோல்விகளில் பெரும்பாலானவை இப்படித்தான். நம்மூர் நடுப்பகல் வெயில் வேண்டாம். வேலை செய்வது புற ஊதாக் கதிர், சூடு அல்ல. சூட்டில் மெல்லிய பாகம் கோணிக்கொள்ளும். காலை 7 முதல் 10 வரை போதும், தேவைப்பட்டால் மறுநாள் தொடருங்கள். ஆனால் ஓரிரு ஆண்டுகளில் மஞ்சள் திரும்பவும் எட்டிப் பார்க்கலாம்.

இருட்டில் ஒளிரும் பொம்மை என்றால் இந்த வேலையே வேண்டாம். அதன் இயல்பான நிறமே மங்கிய பச்சை மஞ்சள்தான்.

பூச்சி வராமல் இருக்கப் பொம்மை டப்பாவில் அந்துருண்டை போடலாமா? (தஞ்சாவூர்)

கூடவே கூடாது. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக வைக்கும். உருண்டை பக்கத்தில் இருந்த பாகம் ஒட்டிக்கொண்டு, மேற்பரப்பு மங்கிப்போகும். கற்பூரமும் அப்படித்தான். அட்டைப் பெட்டியைத் தின்பது வெள்ளிப்பூச்சி, அது ஈரத்தைத் தேடி வருகிறது. ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம்.

என் 3 வயது மகன் என் பழைய பொம்மைகளைக் கேட்டு அழுகிறான். கொடுக்கலாமா? (பெங்களூரு)

வேண்டாம். அந்தக் காலச் சிவப்பு, மஞ்சள் நிறமிகளில் காட்மியமும் ஈயமும் இருந்திருக்கலாம். வாயில் வைக்கும் வயது. புதுப் பொம்மை வாங்கிக் கொடுங்கள்.

‘மான்ஸ்டர் இன் மை பாக்கெட்’ செட்டில் காளி உருவமும் இருந்ததாமே? முழு செட் எத்தனை? (லண்டன்)

இருந்தது. மேட்ச்பாக்ஸ் நிறுவனம் 1990-ல் வெளியிட்ட முதல் வரிசையில் 48 குட்டி உருவங்கள். ஒவ்வொன்றிலும் மதிப்பெண் எண் பொறித்திருக்கும், 5 முதல் 25 வரை. ஓநாய் மனிதன், மெடூசா வரிசையில் காளியையும் ‘மான்ஸ்டர்’ என்று சேர்த்திருந்தார்கள். இதற்கு இந்துக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எங்களுக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது. 48-ஐயும் சேர்ப்பதா, காளியைத் தனியே எடுத்து வைப்பதா என்பது உங்கள் விருப்பம். நிறம் நிறமாகச் சேர்க்கத் தொடங்காதீர்கள், அதற்கு முடிவே இல்லை.

பொம்மையின் வாள் வளைந்திருக்கிறது. இன்னொன்றில் கை முறிந்துவிட்டது, ஃபெவிகுவிக் போட்டும் பிடிக்கவில்லை. (யாழ்ப்பாணம்)

வளைந்த வாளுக்கு 75 டிகிரி அளவு சூடான நீர். கொதிக்கும் நீர் வேண்டாம். அரை நிமிடம் அமிழ்த்தி, இரு தட்டையான மரப்பலகைகளுக்கு நடுவே நேராக வைத்து அழுத்தி, அப்படியே பனிநீரில் இறக்குங்கள். பி.வி.சி. உடனே கேட்கும். பாலிஎதிலீனுக்குப் பழைய வளைவு நினைவிருக்கும். சற்றே எதிர்ப்பக்கமாக வளைத்து ஓர் இரவு கட்டி வைக்க வேண்டும்.

பசை பிடிக்காத கை பெரும்பாலும் பாலிஎதிலீன். அதன் மேற்பரப்பில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. முறிந்த இரு முகங்களிலும் கையால் சுழற்றும் துளைப்பானில் 0.8 மி.மீ. துளையை 5 மி.மீ. ஆழத்துக்குப் போட்டு, 9 மி.மீ. நீளப் பித்தளைக் கம்பியைச் செருகி இணையுங்கள். துளை நேராக வர, முதல் துளையின் வாயில் ஒரு சொட்டுப் பெயின்ட் வைத்து மறுபாதியை அழுத்துங்கள். எங்கே துளைக்க வேண்டும் என்று தடம் காட்டும். முகங்களுக்கு நடுவே பசை வேண்டாம், கம்பியின் இறுக்கமே தாங்கும். ஏற்கெனவே போட்ட ஃபெவிகுவிக்கை நகத்தால் பெயர்த்தாலே வந்துவிடும்.