கேபிளை வெட்டலாமா? ஃபைபரோடு கட்டலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். கேபிளுக்கு மாதம் 280 ரூபாய் போகிறது. இணைய இணைப்பு இல்லை, இனிமேல்தான் வாங்க வேண்டும். ஃபைபர் இணைப்பில் 599 ரூபாய்க்கு "இன்டர்நெட், டிவி, போன் மூன்றும்" என்கிறார்கள். கேபிளை நிறுத்திவிடலாம் என்கிறான் மகன். என் மாமியார் இரவு ஏழு மணியிலிருந்து சீரியல் பார்ப்பவர். என்ன செய்வது?

பதில்: முதலில் விளம்பரத்து எண்ணைச் சரிசெய்வோம். 599 என்பது வரிக்கு முந்தைய விலை. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 706.82. பல இடங்களில் ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான் இணைப்புக் கட்டணம் இல்லை என்பார்கள். அப்படியானால் முதல் நாளே கையிலிருந்து 4,241 ரூபாய் போகும். இணையம் மட்டும் உள்ள 399 ரூபாய்த் திட்டம் வரியோடு 471. அதோடு கேபிள் 280 சேர்ந்தால் 751. ஆக, கேபிளை வெட்டுவதால் மாதம் மிச்சமாவது 44 ரூபாய்தான். இந்த 44 ரூபாய்க்காக மாமியாரின் ரிமோட்டை மாற்ற வேண்டுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

அந்த மூன்றில் "டிவி" என்று எதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று, கேபிள் போலவே சேனல் எண்ணை அழுத்தினால் நேரலை வரும் பெட்டி. இன்னொன்று, இணையம் வழியே தொடர், படம் காட்டும் ஓடிடி செயலிகளுக்கான சந்தா மட்டும். இரண்டாவது வகை என்றால் சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட், விஜய் தொடர்களுக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5 என்று மூன்று கதவுகள். இவற்றில் ஒன்று திட்டத்தில் இல்லாவிட்டால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இருந்தாலும் அது மொபைலில் மட்டும் ஓடும் சந்தாவா, டிவியிலும் ஓடுமா என்று எழுத்தில் வாங்குங்கள். "ஹாட்ஸ்டார் இலவசம்" என்று நம்பிப் போய், டிவியில் திறந்தால் மேம்படுத்தச் சொல்லிக் கேட்கும் சந்தாக்கள் உண்டு. இரண்டாவது டிவி வீட்டில் இருந்தால் அதற்குத் தனிப் பெட்டி, தனிக் கட்டணமா என்பதும் அதே மூச்சில் கேட்க வேண்டியது.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை: 399 போன்ற சின்ன இணையத் திட்டம், கேபிள் அப்படியே. மூன்றையும் ஒரே கம்பியில் கட்டினால், அந்தக் கம்பியை ஒரு மரக்கிளை அறுத்தாலும் மூன்றும் சேர்ந்தே போகும். சீரியல் பார்ப்பவர் இல்லாத, எல்லோரும் யூடியூப்பும் ஓடிடியும் பார்க்கிற வீடாக இருந்தால் நேர்மாறாகச் சொல்லியிருப்பேன்.

கேபிள் பில்லிலேயே குறைக்க இடம் உண்டு. அதில் மூன்று பகுதி: நெட்வொர்க் கட்டணம், கட்டணச் சேனல்களின் விலை, வரி. நெட்வொர்க் கட்டணத்துக்கு 130 ரூபாய், 160 ரூபாய் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்திருந்த உச்சவரம்பு 2024 ஜூலையில் எடுக்கப்பட்டது. இப்போது அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் சேனலைத் தனியாக எடுக்கும் உரிமை இருக்கிறது. வீட்டில் யாரும் பார்க்காத விளையாட்டு, இந்தி, ஆங்கிலத் தொகுப்புகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஆபரேட்டர் முகம் சுளிப்பார், இருந்தாலும் செய்து தருவார்.

கேள்வி: மயிலாடுதுறையில் பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனை ஃபைபராக மாற்றினோம். அதே எண் கிடைத்தது. ஆனால் கரண்ட் போனால் போனும் செத்துவிடுகிறது. முன்பு அப்படி இல்லையே?

பதில்: முன்பு உங்கள் போனுக்கு மின்சாரம் வீட்டிலிருந்து வரவில்லை, தொலைபேசி நிலையத்து பேட்டரியிலிருந்து அதே கம்பியில் 48 வோல்ட்டாக வந்தது. ஃபைபரில் வருவது வெறும் ஒளி. அதைக் குரலாக மாற்றும் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த பிளக் பாயின்ட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் ரூட்டருக்கான மினி யுபிஎஸ். வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். ஆம்பியர் 1 முதல் 2 வரை மாறும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் புகைந்துவிடும். ஆம்பியர் அடாப்டரில் போட்டிருப்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. குறைந்தால் பெட்டி அணைந்து அணைந்து எரியும். பின்னின் தடிமனும் பொருந்த வேண்டும். ஃபைபர் பெட்டி ஒன்று, வைஃபை ரூட்டர் இன்னொன்று என்று இரண்டு இருந்தால் இரண்டு வெளியீடு உள்ள யுபிஎஸ் தேவை.

அட்டையில் "10,000 எம்ஏஎச்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 37 வாட் மணி. 12 வோல்ட்டாக ஏற்றும்போது வீணாவது போக ஏறக்குறைய 30 வாட் மணி மிஞ்சும். 10 வாட் இழுக்கும் பெட்டி மூன்று மணி நேரம் ஓடும். ஒன்றரை வருடத்தில் செல் தளர்ந்து அதுவும் குறையும்.

இவ்வளவும் செய்து, கரண்ட் போனதும் பெட்டியில், ஒளி வரவில்லை என்று காட்டும் சிவப்பு எல்ஓஎஸ் விளக்கு எரிந்தால் உங்கள் பணம் வீண். உங்கள் பெட்டிக்கு உயிர் இருக்கிறது, எதிர்முனையில் ஒளி அனுப்பும் கருவி அணைந்துவிட்டது என்று பொருள். நடுவில் கம்பங்களில் இருக்கும் ஒளிப் பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் உள்ளூர் ஆபரேட்டர் சிலர் தெருப் பெட்டியில் சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச் (இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் கருவி) வைத்து, பேட்டரி இல்லாமல் ஓட்டுவார்கள். எனவே யுபிஎஸ் வாங்கும் முன், அதே இணைப்பும் இன்வெர்ட்டரும் உள்ள பக்கத்து வீட்டில் கரண்ட் போன நேரம் போய்ப் பார்த்துவிடுங்கள்.

கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால் அதைச் செருகி வைக்கும் அடிப்பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். சுருள் கம்பி உள்ள பழைய போன் ஒன்றை மாட்டி வையுங்கள்.

கேள்வி: 200 எம்பிபிஎஸ் திட்டம். மாடி அறையில் சோதித்தால் 40 தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: மாடி அறையில் சோதித்துவிட்டு லைனைக் குறை சொல்ல முடியாது. லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரில் நேராகச் செருகி, மற்ற எல்லா கருவிகளையும் அணைத்துச் சோதியுங்கள். மூன்று விடைகள் வரலாம்.

190 பக்கம் வந்தால் லைன் சரி, வைஃபைதான் பிரச்சினை. ரூட்டர் டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவுக்கு அருகிலோ இருந்தால் நகர்த்துங்கள். போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அது சுவரைத் தாண்டும், வேகம் தராது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும், கான்கிரீட் தளத்தைத் தாண்டாது. மாடிக்கு லேன் கேபிள் ஒன்று இழுத்து அங்கே இன்னொரு ரூட்டரை, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட்டாக வைப்பதே நிரந்தரத் தீர்வு. 1,000 ரூபாய் ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும், வேகம் பாதியாகும்.

சரியாக 94 பக்கம் நின்றால் ரூட்டரின் லேன் துளையோ லேப்டாப்பின் லேன் துளையோ 100 எம்பிபிஎஸ் வகை. அல்லது கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது. வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

லேன் கேபிளிலும் 40 தான் என்றால் அப்போது புகார் கொடுங்கள், காலை ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை எடுத்த சோதனை முடிவின் படங்களோடு. வந்து பார்ப்பவரிடம் ஃபைபரில் வரும் ஒளியின் அளவைக் கேளுங்கள். மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே இறங்கியிருந்தால் இணைப்பு தள்ளாடும். ஜன்னல் சட்டத்தில் நசுங்கிய கேபிள், தூசி பிடித்த பச்சைக் கனெக்டர் இரண்டும்தான் பெரும்பாலும் காரணம்.

ஒரு வார்த்தை கூடுதலாக: ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 போதும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 தாராளம். 200க்குக் கட்டும் பணத்தில் அந்த லேன் கேபிளை இழுத்திருக்கலாம்.

கேள்வி: கோவில்பட்டிக்கு வெளியே தோட்டத்து வீடு. ஃபைபர் வராது. ஏர்ஃபைபர் போடலாமா?

பதில்: ஃபைபர் வரும் இடத்தில் வேண்டாம், வராத இடத்தில் போடலாம். பெயரில் ஃபைபர் இருந்தாலும் அது மொட்டை மாடியில் வைக்கும் 5ஜி அலைவாங்கிதான். அதே கோபுரத்தை ஊரில் உள்ள போன்களும் பங்கு போடும், அதனால் இரவில் வேகம் சரியும். கணக்குப் பாருங்கள்: பல ஏர்ஃபைபர் திட்டங்களில் மாதம் 1,000 ஜிபி வரம்பு, ஃபைபரில் வழக்கமாக 3,300. ஹெச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும். இரண்டு டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினாலே மாதம் 900 ஜிபி. பணம் கட்டும் முன், பொருத்த வருபவர் மாடியில் வைத்து வேகம் காட்டட்டும்.

கேள்வி: ஒரு டிடிஎச் கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பழைய பெட்டி, தட்டு உதவுமா?

பதில்: பெட்டி உதவாது. தட்டு உதவலாம், ஆனால் புதிய கம்பெனியின் செயற்கைக்கோள் இருக்கும் திசைக்குத் திருப்ப வேண்டும். சென்னையிலிருந்து பார்த்தால் 83 டிகிரி கிழக்கு செயற்கைக்கோள் கிட்டத்தட்ட நேர் தெற்கில், 93.5 தென்கிழக்கில். மாத வாடகையே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் இந்த 93.5இல்தான் இருக்கிறது. அதில் டிடி தமிழ் உண்டு, சன் டிவியும் விஜய்யும் கிடையாது.

கேள்வி: இணைப்பை நிறுத்தச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. பில் வந்துகொண்டே இருக்கிறது, முன்பணமும் வரவில்லை.

பதில்: போனில் சொன்னது கணக்கில் வராது. செயலியிலோ மின்னஞ்சலிலோ நிறுத்தல் கோரிக்கை கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். ரூட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் வரிசை எண் எழுதிய ரசீது கட்டாயம். அது இல்லாததால்தான் "கருவி வரவில்லை" என்று முன்பணத்தைப் பிடிக்கிறார்கள். வங்கிச் செயலியில் தானியங்கிப் பற்றை (ஆட்டோ டெபிட்) நீங்களே ரத்து செய்யுங்கள். டிராயின் 2024 விதிப்படி இணைப்பு மூடிய 45 நாளுக்குள் முன்பணம் திரும்ப வேண்டும். தீர்வு இல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. டிராய்க்கு எழுதிப் பயனில்லை, அது தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. அடுத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகார் அங்கே செல்லாது என்று யாராவது சொன்னால், செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருப்பதைச் சொல்லுங்கள்.