தமிழ் ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். தலையாட்டுகிறார்கள், வாய் திறப்பதில்லை. நான் எப்படித் தேறுவது?

நீங்கள் தொண்டூழியர், சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை ஊழியர் தங்குவிடுதியில் வகுப்பு, எதிரே பத்துப் பதினைந்து பேர், பாதிப்பேர் உங்களைவிட மூத்தவர்கள், கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் இதில் பாதி பொருந்தாது.

முதலில் "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். நம்மவர்கள் அதற்குத் தலையைத்தான் ஆட்டுவார்கள். அது மரியாதை, விடை அல்ல. 'பிஃபோர்' சொல்லிக்கொடுத்தீர்களா? "முதல்ல ஏணியாண்ணே, ஹார்னஸா?" என்று கேளுங்கள் (ஹார்னஸ்: உயரத்திலிருந்து விழாமல் காக்கும் வார்). ஒற்றைச் சொல்லில் குட்டு வெளிப்பட்டுவிடும். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். 1970-களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அமெரிக்க வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. அது தாய்மொழியில் பாடம் கேட்ட பிள்ளைகளின் கணக்கு. இங்கே கேட்டு, தமிழாக்கி, மறுபடி ஆங்கிலமாக்க வேண்டியிருக்கிறதே.

அடுத்தது உச்சரிப்பு. ஊழியர்கள் நோட்டில் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்வார்கள். தடுக்காதீர்கள், தடுத்தாலும் நிற்காது. ஆனால் அதிலுள்ள பள்ளம் தெரிந்திருக்க வேண்டும். கிரிக்கெட் மட்டை, மோசம், எழுதும் அட்டை, முதுகில் தட்டிக்கொடுப்பது: ஆங்கிலத்தில் இந்த நான்கும் (bat, bad, pad, pat) நான்கு ஒலி, நோட்டில் நான்கும் 'பேட்'. தமிழில் வல்லினம் எப்படி ஒலிக்கும் என்பதை எழுத்து சொல்வதில்லை, இடம்தான் சொல்கிறது. 'பல்'லில் வரும் ப வேறு, 'அம்பு'வில் வரும் ப வேறு. ஆகவே "உங்களுக்கு அந்த ஒலி வராது" என்று சொல்லாதீர்கள். வரும், சொல்லின் தொடக்கத்தில் வைத்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான். தொண்டையில் விரலை வைத்து 'அம்பு' சொல்லச் சொல்லுங்கள், அதிர்வு விரலில் தெரியும். பிறகு 'அம்'மை விழுங்கிவிட்டு அதே அதிர்வோடு 'பு', அதிலிருந்து 'பஸ்'. அதிர்வுள்ள எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொன்னால் நோட்டும் பிழைத்துப்போகும்.

மறுபக்கமும் உண்டு. 'பைப்' என்று சொல்லும்போது ஆங்கிலத்தில் முதல் ஒலியோடு காற்று வெடித்து வரும். நம் ப-வில் அது இல்லை. அதனால் கேட்பவர் காதில் அது அதிர்வுள்ள ப-வாக விழுகிறது. கடை ரசீது ஒன்றை வாய்க்கு முன்னால் நான்கு விரல் தூரத்தில் பிடித்துக்கொண்டு 'பைப்' சொல்லட்டும். தாள் ஆட வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும், சிரிப்பும் வரும். சிரிப்பு வந்தால் வாய் திறக்கும்.

சொல் முடிவில் ஒட்டும் உகரம் ('லைட்டு', 'கேட்டு') தனியாகத் திருத்தினால் போகாது, ஏனென்றால் தமிழில் எந்தச் சொல்லும் ட், க், ப் என்று முடிவதில்லை. அடுத்த சொல்லோடு சேர்த்துவிடுங்கள்: 'கெட் அவுட்' அல்ல, 'கெடவுட்'. உகரத்துக்கு இடமே இருக்காது.

எண்களுக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கலாம். 13-உம் 30-உம், 15-உம் 50-உம் குழம்பினால் தளத்தில் ஆபத்து. 'தர்ட்டீன்' என்றால் அழுத்தம் கடைசியில், நீளமாக. 'தர்ட்டி' என்றால் முதலில், முடிவு குறுகலாக. அதற்கும் மேலாக, "தர்ட்டி? த்ரீ ஸீரோ?" என்று திருப்பிக் கேட்கப் பழக்குங்கள். அதேபோல் 995-ஐ (சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கான அவசர எண்) அழைத்துப் பேசும் ஒத்திகை. முதல் வாக்கியத்திலேயே இடம் வர வேண்டும், அப்புறம் என்ன நடந்தது, எத்தனை பேருக்கு அடி. நம்மவர்கள் காலையில் நடந்ததிலிருந்து தொடங்குவார்கள், இடம் கடைசியில் வரும்.

நீள வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டுங்கள். 'யூ க்ளைம்'. 'பிஃபோர் யூ க்ளைம்'. 'ஹூக் யுவர் ஹார்னஸ் பிஃபோர் யூ க்ளைம்'. முன்னாலிருந்து கட்டினால் ஒவ்வொரு முறையும் வால் புதிதாக வரும், அங்கேதான் குரல் தேயும். பின்னாலிருந்து வந்தால், போகப்போகப் பழகிய பகுதிக்குள் நுழைவார்கள். முதலில் எல்லாரும் சேர்ந்து, பிறகு இருவர் இருவராக, கடைசியில்தான் தனியாள். நாற்பது வயதுக்காரரை முதலிலேயே தனியாக நிறுத்தினால் அடுத்த வாரம் வரமாட்டார்.

பிழை திருத்துவதில் பலரும் நாசூக்காகச் சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். 1997-இல் மொழிக்கல்வி ஆய்வாளர்கள் லிஸ்டரும் ரான்டாவும் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் அதிகம் கையாண்டது அந்த முறையைத்தான், மாணவர்கள் மிகக் குறைவாகப் பிடித்துக்கொண்டதும் அதைத்தான். "யெஸ்டர்டே ஐ கோ" என்றால் "யெஸ்டர்டே ஐ...?" என்று அந்தரத்தில் நிறுத்துங்கள். அவரே 'வென்ட்' என்று முடிப்பார். முடியாவிட்டால் சொல்லிக்கொடுங்கள்.

வகுப்பில் தமிழே கூடாது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். தமிழிலேயே நடத்தச் சொல்லவில்லை. ஆனால் பையில், லாரியில், வாசலில் என்று நாம் ஒட்டுகிற ஒரே '-இல்' ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்றாகப் பிரிகிறது என்பதை முப்பது நொடியில் தமிழில் சொல்லிவிட்டால், பத்து நிமிடக் கைச்சைகை மிச்சம். சொன்னபின் விதியை விட்டுவிட்டு 'அட் தி கேட்', 'ஆன் தி லாரி', 'இன் தி ஸ்டோர்' என்று முழுத் தொடராகவே மனதில் ஏற்றுங்கள்.

சரளத்துக்கு 4/3/2: ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் நான்கு, மூன்று, இரண்டு நிமிடங்களில் சொல்வது. தொடக்க நிலைக்கு 2, 1½, 1 போதும். நடுவில் திருத்தக் கூடாது. சூப்பர்வைசர் பேசும் சிங்லிஷையும் (சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம்) காதுக்குப் பழக்குங்கள். 'கேன்', 'கெனாட்' என்பதைக் கேலி செய்யாதீர்கள். இரைச்சலில் 'கான்ட்'டைவிட 'கெனாட்'தான் தெளிவாகக் கேட்கும்.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்று. ஒன்றரை மணி நேர வகுப்பில் இருபது நிமிடம் பேனர் பிடித்துப் படமெடுக்கப் போகிறது. துணி துவைக்க, ஊருக்குப் பேச, தேக்கா (லிட்டில் இந்தியா) போய்வர ஊழியர்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள். ஏற்பாட்டாளர்கள் யாராவது படித்தால்: படம் வேண்டுமென்றால் வகுப்பு முடிந்தபின், விருப்பமுள்ளவர்களை மட்டும்.