கோல் வேட்டையும் மான் வேட்டையும்

விசில் மாமா பதில்கள்

*போன இதழில் உங்களைக் காணோமே மாமா. முழங்கால் மறுபடியும் மக்கர் பண்ணுகிறதா?*
— ஜாலான் ஈப்போ வாசகர்

ஆமாம். 22 வருடம் பள்ளிக்கூட ஹாக்கிக்கு விசில் ஊதிக்கொண்டு ஓடிய கால். இப்போது கோலாலம்பூர் செந்தூலில் மூன்றாவது மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்காரச் சொல்கிறது. எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுது என்று ஒட்டிய தாளே மஞ்சளாகிவிட்டது. படி ஏறுகிறவர்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினால் கதவைத் திறந்து வைக்கிறேன், காப்பி உண்டு.

*2023 சென்னை ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டத்தில் நீங்கள் எந்தப் பக்கம்? உண்மையைச் சொல்லுங்கள்.*
— கிள்ளான் வாசகர்

மஞ்சள் ஜெர்சி பக்கம், நம் மலேசியா. இதில் என்ன சந்தேகம்? எழும்பூர் மைதானத்தில் பாதி ஆட்டம் முடிந்தபோது நாம் 3-1 என்று முன்னால் நின்றோம். 45ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் ஒன்று, அடுத்த மூச்சில் குர்ஜந்த் ஒன்று, 56இல் ஆகாஷ்தீப் ஒன்று. 4-3, இந்தியாவுக்கு. சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன் அன்று இரவு போன் பண்ணினான். நான் எடுக்கவில்லை.

*நாங்கள் ஆறு பேர், எல்லோரும் ஹாக்கிப் பைத்தியங்கள். சனிக்கிழமை இரவு தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் உட்கார்ந்து, தே தாரிக் டீ கிளாஸில் போனைச் சாய்த்து வைத்து, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியை மறுபடியும் பார்த்தோம். முடிவு தெரிந்தும் கத்தினோம். அப்போது எங்களில் ஒருவன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். நியூசிலாந்துக்குப் போய், காசு கட்டி, மான் சுட்டிருக்கிறான். செத்த மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டுச் சிரிக்கிறான். "உங்களுக்கு ஹாக்கி, எனக்கு இது. ஜெயிக்கிற சந்தோஷம் ரெண்டிலேயும் ஒண்ணுதான்" என்றான். இரண்டு பேர் அவன் பக்கம், இரண்டு பேர் எதிர்ப் பக்கம். ஒருவன் "சூப் கம்பிங் (ஆட்டுச் சூப்) குடிச்சிக்கிட்டே மானுக்கு அழுவுறீங்களாடா" என்று கேட்டான். மூன்று வாரமாக யாரும் யாரோடும் பேசவில்லை. விசில் ஊதுங்கள் மாமா.*
— பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

தம்பி, முதலில் ஆட்டத்தைப் பேசுவோம், மான் எங்கும் போய்விடாது, பாவம்.

அந்த அரையிறுதி எனக்கும் மனப்பாடம். இரண்டு தடவை இந்தியா முன்னால் போனது, இரண்டு தடவை நாம் எட்டிப் பிடித்தோம். இரண்டாவது தடவை 59ஆவது நிமிடம், ராசி ரஹிம் அடித்தது. 2-2. அப்புறம் ஷூட்-அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு விநாடி, ஒரு ஆளுக்கு எதிரே ஒரு கீப்பர். நம் பக்கம் குமார் சுப்பிரமணியம், அந்தப் பக்கம் ஸ்ரீஜேஷ். பக்கத்துக்கு ஐந்து முயற்சி முடிந்தும் தீரவில்லை, ஒரு கோல் வித்தியாசத்தில் முடியும் சடன் டெத்துக்குப் போய் 7-6 என்று ஜெயித்தோம். அன்று நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுச் சீன அம்மா என்னவோ ஏதோ என்று மேலே ஏறி வந்துவிட்டார். அப்போதும் லிஃப்ட் ஓடவில்லை.

ஆனால் அதற்குச் சரியாக எட்டு நாள் முன்னால் அதே போட்டியில் இந்தியா ஹாங்காங்கை 26-0 என்று அடித்திருந்தது. 1932இல் அமெரிக்காவை 24-1 என்று அடித்த சொந்தச் சாதனையையே முறியடித்த ஆட்டம். இப்படி ஒரு ஆட்டத்துக்கு நம் பத்திரிகைத் தமிழில் தயாராக ஒரு தலைப்பு உண்டு: 'கோல் வேட்டை'. பதக்க வேட்டை, ரன் வேட்டை என்றெல்லாம் நாம்தானே எழுதுகிறோம்! உங்கள் நண்பர் ஆகாயத்திலிருந்து ஒன்றும் பிடுங்கிக்கொண்டு வரவில்லை, நம் வாயிலிருந்துதான் எடுத்திருக்கிறார்.

அந்த மாதிரி ஒரு ஆட்டத்துக்கு நானும் விசில் ஊதியிருக்கிறேன். பள்ளிக்கூடப் பையன்கள், 14-0. தோற்கிற பக்கத்துக் கீப்பருக்குப் பதின்மூன்று வயது இருக்கும். கால் பேட் இரண்டும் அவன் தொடை வரைக்கும் ஏறி நின்றன, இரவல் வாங்கியது. பத்தாவது கோலுக்கு மேல் அவன் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான். ஒவ்வொரு கோலுக்கும் என்னையே பார்த்தான். நான் இரண்டு நிமிடம் முன்னாலேயே ஆட்டத்தை முடித்து ஊதினேன். விதிப்படி தப்பு. கேட்டவர்களிடம் கைக்கடிகாரம் முந்திவிட்டது என்றேன். 14 கோல் அடித்த பக்கத்தில்கூட யாரும் மல்லுக்கு நிற்கவில்லை.

இப்போது ஜகார்த்தாவுக்கே திரும்பி வாருங்கள். அதே போட்டியில் இந்தியா ஜப்பானையும் 8-0 என்று உரித்துத் தொங்கப் போட்டது. அந்த ஜப்பான் என்ன பண்ணியது? எழுந்தது, துடைத்தது, இறுதிக்கு வந்தது. நம்மோடு 6-6, அப்புறம் ஷூட்-அவுட்டில் 3-1, தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனது. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் உங்கள் நண்பருக்கு என்னிடம் இருக்கும் பதிலும் அதே ஜப்பான்தான். 8-0 வாங்கினவனுக்கு அடுத்த ஆட்டம் இருந்தது. அந்த மானுக்கு இல்லை. மான் அந்த ஆட்டத்துக்கு டீமில் பெயர் கொடுக்கவும் இல்லை.

இதோடு விட்டுவிட்டால் நான் நல்ல பிள்ளை ஆகிவிடுவேன். ஆனால் நான் பிறந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால் மரவள்ளி போட்டிருந்தோம். ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து வரிசையாகப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். சனிக்கிழமை சாயங்காலம் ஆண்கள் நாய்களோடு கிளம்புவார்கள். துப்பாக்கி உரிமம் தோட்டத்துக் கணக்கர் கிராணியார் ஒருவருக்குத்தான், இரட்டைக் குழல். என் அப்பா நாய் ஓட்டுகிறவர். "பன்னிக்குப் போறோம்" என்றுதான் சொல்வார்கள். விளையாட்டு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கறியைத் தென்னை ஓலைமேல் கூறு போடுவார்கள். சுட்டவருக்கும் மேட்டில் நின்று சத்தம் போட்டவருக்கும் ஒரே அளவு. நாய்க்காரருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். ஒரு தடவை எங்கள் நாயின் வயிற்றைப் பன்றி கிழித்துவிட்டது. அப்பா அதை மடியில் போட்டு, கோணி ஊசியை மண்ணெண்ணெய் விளக்கில் காட்டி, நூல் கோத்துத் தைத்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏழு தையல். நாய் பிழைத்தது. இன்னொரு தடவை குண்டு பட்ட பன்றி கிழங்குக் காட்டுக்குள் ஓடிவிட்டது. "அடிபட்டதை விட்டுட்டு வர்றது பாவம்" என்று நான்கு பேர் டார்ச் விளக்கோடு விடிய விடிய அதன் ரத்தத்தைத் தேடிக்கொண்டு போனார்கள். ஞாயிறு காலையில் கையில் ஒன்றுமில்லாமல்தான் வந்தார்கள். அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அதே தோட்டத்துத் துரையும் வேட்டைக்குப் போவார், விருந்தாளிகளோடு. அந்த வேட்டையிலும் அப்பாதான் பை தூக்குவார். மான் விழுந்தால் தலை பங்களாவுக்கு, மற்றது எங்களுக்கு. அந்தக் கறியை அப்பா சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

சூப் கம்பிங் கேள்வி நியாயமானது. நானும் தீபாவளிக்கு இரண்டு கிலோ ஆட்டுக்கறிக்கு வரிசையில் நிற்கிறவன். ஆனால் சௌகிட் சந்தையில் எனக்குக் கறி வெட்டித் தருகிற பாய், வெட்டின ஆட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பியதில்லை. கேட்டால் அசிங்கமாகப் பார்ப்பார்.

நியூசிலாந்துக்கு ஒரு சலுகை தரலாம். மான் அந்த நாட்டு மிருகமே அல்ல. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கென்றே கப்பலில் கொண்டுபோய் விட்டது. அது பெருகிக் காட்டைத் தின்கிறது என்று அரசாங்கமே ஆள் வைத்துக் குறைக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் நண்பர் போயிருந்தால் அது எங்கள் மரவள்ளிக் கதையோடு சேரும். ஆனால் அதே நாட்டில் பெரிய கொம்புக்கென்றே மானை வளர்த்து, வேலி போட்ட பண்ணையில் விட்டு, கொம்பின் அளவுக்கு ஏற்ப விலை வாங்கும் இடங்களும் இருக்கின்றன. ஆகவே அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வேலி இருந்ததா? இருந்தது என்றால் என் விசில் அவருக்கு எதிராக. இல்லை என்றால் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, சுட்ட கறியை யார் தின்றார்கள் என்று கேளுங்கள். எப்படியும் பேச்சு வார்த்தை தொடங்கிவிடும்.

*கனடாவில் இருக்கும் என் மகன் ஐஸ் ஹாக்கி பார்க்கிறான். ஒரு ஆட்டக்காரர் கரடியைச் சுட்டு, அதனால் ரசிகர்களுக்குள் சண்டை என்றான். உண்மையா?*
— செகாம்புட் வாசகி

உண்மைதான் அம்மா. கிளேட்டன் ஸ்டோனர். 2013இல் பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரைக் காட்டில் ஒரு கிரிஸ்லி கரடியைச் சுட்டார். அங்கே உள்ளவர்கள் அதற்கு 'சீக்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அறுத்த தலையை அவர் கையில் ஏந்திய படம் வெளியே வந்தது. அப்போது அவர் ஆடிய அணியின் பெயர் மின்னசோட்டா வைல்டு, நான் ஜோக் அடிக்கவில்லை. 2016இல் 10,000 டாலர் அபராதம், மூன்று வருடம் வேட்டைத் தடை. கவனியுங்கள், தண்டனை கரடியைக் கொன்றதற்கு இல்லை. அந்த மாநிலத்தில் குடியிருக்காமலே உள்ளூர்க்காரர் மாதிரி உரிமம் வாங்கியதற்கு. கார்டு போட்டது சரி, ஆனால் ஆஃப்சைடுக்கு! கொம்புக்கும் தலைக்குமாகக் கரடி சுடுவதை அந்த மாநிலம் 2017 டிசம்பரில்தான் நிறுத்தியது.

கரடிக்குக் கொம்பு ஏது என்று கடிதம் எழுதக் கிளம்பிவிடாதீர்கள், வேகத்தில் வந்துவிட்டது.

*வேட்டைக்காரர் கட்டும் பணத்தில்தான் ஆப்பிரிக்காவில் காடு பிழைக்கிறது என்று எங்கள் விரிவுரையாளர் சொல்கிறார். வேட்டையைத் தடை செய்தால் மிருகம் பிழைத்துவிடுமா?*
— பினாங்கு கல்லூரி மாணவி

தடை மட்டும் போதாது என்பதில் உங்கள் விரிவுரையாளர் சரி. நமீபியாவில் 1996 முதல் கிராமத்தாரே வனவிலங்குக்குப் பொறுப்பேற்று, சுற்றுலாப் பணமும் வேட்டைப் பணமும் வாங்குகிறார்கள். அந்தக் கணக்கை நான் உதறவில்லை. கென்யா 1977இலேயே வேட்டையை மூடிய நாடு, அங்கேயும் யானை கள்ள வேட்டையில் செத்தது.

நம் வீட்டைப் பாருங்கள். மலாயாப் புலி காட்டில் 150க்கும் குறைவு. ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் காலை வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அவ்வளவுதான் இருப்பார்கள். நம் ஹாக்கி அணிக்குச் செல்லப்பெயர் 'ஸ்பீடி டைகர்ஸ்'. நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலி. அதைக் கொல்வது கொம்பு வேட்டைக்காரர் இல்லை, பெரும்பாலும் சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி ஒரு கண்ணி. பத்து மலேசிய வெள்ளிக்குக்கூட போகாத கம்பி. அது புலியா, மானா, பன்றியா என்று பார்ப்பதில்லை. புலியின் சாப்பாடான ரூசா மானை (கடமானை) சுடுவதை தீபகற்பத்தில் 2009இல் நிறுத்தினார்கள். அதற்கு மேல் 2021இல் பன்றிக் காய்ச்சல் வந்து காட்டுப்பன்றியையும் வாரிக்கொண்டு போனது. நாங்கள் மரவள்ளிக்காக விரட்டிய பன்றி புலிக்குச் சோறு என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்?

*புலியைக் குத்தியவனுக்கு நடுகல் வைத்து வணங்கிய இனம் நாம். வேட்டை வீரத்தைக் குறை சொல்லலாமா?*
— ரவாங் வாசகர்

ஐயா, அந்தக் கல்லைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மாட்டுப்பட்டியில் பாய்ந்த புலியோடு கட்டிப் புரண்டு, தானும் செத்தவனுக்கு வைத்த கல் அது. புலிக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது, அதை அது எடுத்துக்கொண்டது. பரண்மேல் உட்கார்ந்து தொலைநோக்கி வைத்துச் சுட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பியவருக்கு நம் ஊரில் யாரும் கல் நட்டு நான் பார்க்கவில்லை.

*உங்கள் வீட்டில் மான் கொம்பு உண்டா மாமா? மறைக்காமல் சொல்லுங்கள்.*
— பெயர் போடாத வாசகர், கெப்போங்

இருந்தது. துரை ஊருக்குத் திரும்பும்போது, இத்தனை வருடம் பை தூக்கியதற்கு என்று அப்பாவிடம் ஒரு ஜோடி கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை வாசல் பக்கச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். ஒரு வாரம் லயத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அப்புறம் அம்மா அதில் துண்டு காயப்போட ஆரம்பித்தார். மழை நாளில் என் பள்ளிக்கூடக் காலுறையும் அதில்தான் தொங்கும்.